முந்நூற்று நாற்பத்து நான்கு நட்சத்திரங்கள்

12 ஜூன் 1995, திங்கள்

காலையிலிருந்து ஒரே கல்யாணப் பத்திரிகையை நான்கு தடவை மாற்றினேன். பெண் வீட்டாருக்கு ஓரத்தில் கொடி போதாதாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு மயில் வேண்டுமாம். கடைசியில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்து கொடிக்கு மேல் மயிலும் மயிலுக்கு மேல் குத்துவிளக்கும் வைக்கச் சொன்னார்கள். முகூர்த்த நேரத்துக்கு இடமில்லை. அதைப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் தள்ளினேன். கண்றாவி. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முதலாளி கன்னியப்பன் என் பக்கத்தில் நின்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டே திரையைப் பார்க்கிறார். தும்மினால் கீபோர்டில்தான் தெறிக்கும். துணியால் துடைத்துவிட்டு மேலே வேலை பார்க்க வேண்டும். ஐந்து வருடமாக இப்படித்தான்.

மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றேமுக்கால் வரை கடையில் யாரும் இருக்க மாட்டார்கள். பக்கங்களை ஃபிலிம் எடுக்க அனுப்புவதற்கென்று வாங்கிய மோடம் அந்த நேரத்தில் என்னுடையது. மாம்பலத்தில் கோதண்டம் சார் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு டெலிபோனோடு இணைத்துப் புல்லட்டின் போர்டு நடத்துகிறார். நாங்கள் அதற்கு போன் போட்டு, அங்கே மற்றவர்கள் எழுதியதைப் படித்து, எங்கள் பங்குக்கு ஒன்று எழுதிவிட்டுத் துண்டிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும், அதுவும் முப்பது நிமிடம்தான். போர்டுக்கு அவர் வைத்த பெயர் 'கூவம்'. ஏன் சார் இந்தப் பெயர் என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாம் வந்து கலக்கற எடம்மா" என்றார்.

அங்கே கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். மயில் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். இந்த நோட்டில் நான் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன்.

16 ஜூன், வெள்ளி

செவ்வாயன்று கோதண்டம் சார் கடைக்கே போன் செய்தார். "போர்டு ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சும்மா. வாசல்ல அழகா ஏதாச்சும் போட முடியுமா? நீதான் கல்யாணக் கார்டுல ஊறினவளாச்சே."

மூன்று மதியத்தில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி முடித்தேன். வெறும் எழுத்தைக் கொடுத்தால் சுற்றிலும் நட்சத்திரத்தால் சட்டம் கட்டி, தலைப்புக்கு நிறம் பூசி, கண் சிமிட்ட வைத்துத் திருப்பிக் கொடுக்கும். பெயர் 'பந்தல்'. சட்டத்தின் கீழ் வலது மூலையில் 'பந்தல்: சுகிர்தா' என்று தானாகவே போட்டுக்கொள்ளும். பத்திரிகையின் பின்பக்கம் அச்சகத்தின் பெயர் வருவதில்லையா, அதுபோலத்தான். அதில் தவறில்லை.

21 ஜூன், புதன்

எல்லோரும் கேட்டார்கள் என்று கோதண்டம் சார் பந்தலைப் போர்டில் வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பாராட்டி எழுதியவர்கள் பதினொரு பேர். பாராட்டை எல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. பதினொன்றில் இரண்டு ஒரே ஆள் எழுதியது.

ஹாஸ்டலில் இன்றும் அதே கூட்டு. கரண்டியில் எடுத்தால் நூல் விடுகிறது.

28 ஜூன், புதன்

பழைய மானிட்டர் விற்பனைக்கு: பந்தல். என் சைக்கிள் தொலைந்துவிட்டது: பந்தல். 'சரி' என்ற ஒரே சொல்லுக்கு ஏழு வரிப் பந்தல், உள்ளே அது சிவப்பில் சிமிட்டுகிறது. எழுத்து ஊர்ந்து ஊர்ந்து வரும் இந்த மோடத்தில் நட்சத்திரங்கள் வந்து சேரவே அரை நிமிடம் ஆகிறது. கடைசியில் பார்த்தால் யாரோ யாருக்கோ காலை வணக்கம் சொல்லியிருக்கிறார். கல்யாண மண்டபத்துக் கை கழுவும் இடம் மாதிரி ஆகிவிட்டது போர்டு. ஒவ்வொன்றின் கீழும் என் பெயர்.

சீ என்று இருந்தது. நேரம் முடிந்து போர்டே என்னைத் துண்டிக்கும்வரை படித்தேன்.

3 ஜூலை, திங்கள்

எதிர்ப்பு என்று வந்தது இன்றுதான். 'ஆபரேட்டர்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதுவார். இங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை, நான்தான் முட்டாள். இந்த ஆபரேட்டர் ஒரு சொல்லையும் வீணாக்க மாட்டார், எழுத்துப்பிழையே இருக்காது. அதனாலேயே அவர் எழுதியதை நான் விடாமல் படிப்பதுண்டு.

"தயவுசெய்து சட்டம் இல்லாமல் எழுதுங்கள். படிக்கச் சிரமமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

பதில் போட்டேன்: "ரசனை இல்லாதவர்களுக்கு எதைப் படித்தாலும் சிரமம்தான்." அதை இரட்டைச் சட்டத்துக்குள் வைத்தேன். ஏழு பேர் சிரித்திருந்தார்கள். எனக்குப் பந்தல் பிடிக்காது என்பது வேறு விஷயம். அதை நான் சொல்லலாம், இவர் சொல்லக் கூடாது.

10 ஜூலை, திங்கள்

பந்தல் இரண்டாம் பதிப்பு. பத்திரிகையில் மணமக்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அகலமாகப் போடுவோமே, அதை இதிலும் கொண்டுவந்தேன். தலைப்புக்கு மட்டும் அல்ல, செய்தி முழுவதற்கும். இரண்டு ஓரமும் சமமாக வந்து நிற்கும்.

பார்க்கச் சகிக்கவில்லை. பதினெட்டுப் பேர் பாராட்டு.

13 ஜூலை, வியாழன்

ஆபரேட்டரிடமிருந்து தனி மடல், நான் மட்டும் படிக்கும்படி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சுகிர்தா அவர்களுக்கு. எனக்குக் கண் தெரியாது. திரையில் வருவதைப் பேசும் பெட்டி ஒன்று எனக்கு வாசித்துக் காட்டுகிறது. நட்சத்திரங்களைச் சமாளித்துவிட்டேன், நட்சத்திரம் வந்தால் பேசாதே என்று பெட்டிக்குச் சொல்ல வழி இருக்கிறது. இப்போது எழுத்துகளைப் பிரித்துவிட்டீர்கள். பெட்டி எந்தச் சொல்லையும் சொல்லாகச் சொல்வதில்லை, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிக்கிறது. இதைப் போர்டில் சொல்லாதீர்கள். கூவத்தில் மட்டும்தான் யாரும் என்னை ஐயோ பாவம் என்று சொல்வதில்லை."

14 ஜூலை, வெள்ளி

இந்தப் போர்டில் ஒரு விமானி இருக்கிறார். கப்பல் கேப்டன் ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் ப்ளஸ் டூ படிக்கிறார்கள். போன மாதம் உறுப்பினர்கள் கூடியபோது 'மிஸ் ரோஸி' பெரிய மீசையோடு வந்து கைகுலுக்கினார். இங்கே யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதுதான் வழக்கம்.

பேசும் பெட்டியாம். கேட்டதே இல்லை.

பதில் போடவில்லை.

15 ஜூலை, சனி

கண் உறுத்தலாக இருந்தது. கடையில் ஐந்து நிமிடம் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னியப்பன், "என்னம்மா, தூக்கமா?" என்றார். கண் உறுத்தலைத் தவிர வேறு காரணம் இல்லை.

20 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கெல்லாம் இப்போதுதான் பத்திரிகை அடிப்பார்கள். ஒரே நாளில் பதினாறு பிள்ளையார்.

கோதண்டம் சார் போர்டில் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார். இனி யார் என்ன எழுதினாலும் பந்தல் தானாகவே அலங்கரித்துவிட வேண்டுமா, வேண்டாமா. தினமும் காலை ஏழு மணிக்கு அவரே செய்தித்தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் 'இன்றைய செய்தி'யும் அதில் சேரும். ஓட்டுப் போட 29ஆம் தேதி வரை நேரம்.

பொதுவில் ஆபரேட்டர் எழுதியது ஒரே வரி: "வேண்டாம் என்பது என் ஓட்டு." யாரோ கேட்டார்கள், ஏன் சார் உங்களுக்கு மட்டும் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

எனக்கு இன்னொரு மடல். பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் டெலிபோன் ஆபரேட்டராம். செப்டம்பர் 3 அன்று அதிகாரிப் பதவிக்குப் பரீட்சை, அதில் பொது அறிவுத் தாள் உண்டாம். "கோதண்டம் போடும் காலைச் செய்திதான் நானாகப் படிக்கும் ஒரே பத்திரிகை. 7.40க்கு உள்ளே வந்து படித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். மற்றதை எல்லாம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். காரணம் மட்டும் சொல்ல வேண்டாம்."

காரணம் சொல்லாமல் எப்படிக் கேட்பது? அவரே என் வாயைக் கட்டிவிட்டு என்னையே பேசச் சொல்கிறார்.

29 ஜூலை, சனி

வேண்டும்: இருபத்து நான்கு. வேண்டாம்: ஒன்பது.

நான் ஓட்டுப் போடவில்லை. எழுதியவளே ஓட்டுப் போடுவது அநாகரிகம்.

கோதண்டம் சார் போன் செய்தார். "பந்தல் ஜெயிச்சிடுச்சும்மா. ஆனா ஒண்ணு, காலைச் செய்திய மட்டும் சும்மா விட்டுடலாமான்னு ஒரு யோசனை. நீளமா இருக்கும். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம் சார்" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும். போட்டுடறேன்."

அவர் இஷ்டம் என்பது உண்மைதானே. போர்டு அவருடையது.

1 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றிலிருந்து எல்லாமே பந்தலுக்குள். உள்ளே நுழைந்ததும், இன்று யார் யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற பட்டியல் வரும். நான் அதை வழக்கமாகப் பார்ப்பதில்லை.

ஆபரேட்டர், 7.40, 30 நிமிடம்.

2 ஆகஸ்ட், புதன்

ஆபரேட்டர், 7.40, 30 நிமிடம்.

முப்பது நிமிடம் படிக்கிறார் என்றால் படிக்க முடிகிறது என்றுதானே அர்த்தம். வீணாகப் புலம்பியிருக்கிறார்.

3 ஆகஸ்ட், வியாழன்

7.40, 30 நிமிடம். போர்டே துண்டித்திருக்கிறது.

4 ஆகஸ்ட், வெள்ளி

7.40, 2 நிமிடம்.

5 ஆகஸ்ட், சனி

பட்டியலில் இல்லை. உடம்பு சரியில்லாமல் இருக்கும்.

11 ஆகஸ்ட், வெள்ளி

ஒரு வாரமாக இல்லை. சாயங்கால மழை வேறு, டெலிபோன் லைன் கெட்டிருக்கலாம். மாம்பலம் பக்கம் லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று ஒரு பத்திரிகையில் மணமகள் பெயரை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுப் போடச் சொன்னார்கள். அதை வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். முடியும்போது முதல் எழுத்து மறந்துவிட்டது. பெயர் சுந்தரவல்லி. பக்கத்தில் இருந்த பிள்ளையாரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சைச் சாதத்தில் ஒரு முடி. அப்படியே கொட்டினேன்.

17 ஆகஸ்ட், வியாழன்

கடைக்கு ஒரு டிராஃப்ட் எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாகப் புரசைவாக்கத்திலேயே எடுப்போம். பாரிமுனை வங்கிக் கிளையில் கூட்டம் குறைவு என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டுப் போனேன். கூட்டம் தெருவரை நின்றது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் டெலிபோன் ஸ்விட்ச் போர்டு. முப்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் ஹெட்போன். மூலையில் வெள்ளைக் கம்பு சாத்தி வைத்திருந்தது. அதைப் பார்த்தபிறகும் வாசலிலேயே நின்றேன்.

"யாரது, ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றார்.

"சுகிர்தா" என்றேன்.

அவர் ஒரு அழைப்பை மேனேஜருக்கு மாற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒக்காருங்க மேடம். ஸ்டூல் இருக்கும். நான் தணிகாசலம்."

உட்கார்ந்தேன். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "போர்டுல எல்லாரும் பொய் சொல்றாங்க சார். நீங்க எழுதினத நான் நம்பல. அதான்."

"நம்பாதவங்கன்னா என்னைத் திட்டி ஒரு பதில் போட்டிருப்பீங்களே. ரசனை இல்லன்னு அன்னிக்குப் போட்டீங்க இல்ல, அந்த மாதிரி. நீங்க ஒண்ணுமே போடல. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது, நம்பிட்டீங்கன்னு."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"முதல் பதிப்புல ஒரு சட்டத்துக்கு முந்நூத்தி நாப்பத்திநாலு ஸ்டார் மேடம். ஸ்டார வாய் மூட வைக்கிறதுக்கு வழி கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. அது வரைக்கும் அத்தனையும் கேட்டேன். ரெண்டாவது பதிப்புக்குத்தான் வழி இல்லாம போச்சு. கோதண்டம் சார் செய்தியில மூணு நாள் ஒக்காந்து எழுத்தெழுத்தா கூட்டிப் பார்த்தேன். முப்பது நிமிஷத்துல ஆறு வரி."

"இப்ப செய்திக்கு என்ன பண்றீங்க?"

"தங்கச்சி வீட்டுக்காரர் படிச்சுக் காட்டறார். அவருக்கு முக்கியம்னு படறத."

நான் சட்டென்று சொன்னேன், மதியம் ஒரு மணிக்கு நானே போன் செய்து அன்றைய பேப்பர் முழுவதையும் படித்துக் காட்டுகிறேன் என்று. பரீட்சை வரைக்கும். ஒரு நாள் விடாமல்.

ஒரு அழைப்பு வந்தது, "இதோ மேடம், கனெக்ட் பண்றேன்" என்று இரண்டாம் மாடிக்கு மாற்றினார். பிறகு சொன்னார். "படிச்சுக் காட்ட எனக்கு எப்பவும் ஆள் உண்டு மேடம். பொறந்ததுலேர்ந்து உண்டு. யாரும் படிச்சுக் காட்டாத எடம் ஒண்ணே ஒண்ணு இருந்துது."

டிராஃப்ட் எடுக்காமல் திரும்பிவிட்டேன். கன்னியப்பன் கத்தினார். கத்தட்டும்.

18 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். அதற்கு முன்னால் எழுதியதையும் படித்தேன். கண் உறுத்தலாம். அநாகரிகமாம். அவர் இஷ்டமாம். இந்த நோட்டைத் தொடவே கூசுகிறது. பிறர் செய்த கண்றாவியை எல்லாம் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறேன். கோதண்டம் சார் என்னிடம் கேட்டே கேட்டார். "செய்தியை மட்டும் விட்டுடுங்க சார்" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடத் தேவைப்பட்டிருக்காது. காலைச் செய்திக்குக் கீழே என் பெயர் வரும், அதைத்தான் எல்லோரும் தினமும் முதலில் படிப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

மதியம் கோதண்டம் சாருக்கு போன் செய்தேன். பந்தலை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"என்னம்மா இது. இருபத்துநாலு பேரு ஓட்டுப் போட்டிருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? காரணம் சொல்லு."

சொல்ல முடியவில்லை.

21 ஆகஸ்ட், திங்கள்

போர்டில் என் கையாலேயே தட்டச்சு செய்து போட்டேன்:

"பந்தலில் ஒரு பெரிய பிழை இருப்பதைக் கண்டுபிடித்தேன். நீளமான செய்திகளின் கடைசி வரிகளை அது விழுங்கிவிடுகிறது. போர்டில் உள்ள பழைய செய்திகளையும் கெடுத்துவிடக் கூடும். உடனே எல்லோரும் அழித்துவிடுங்கள். சோதிக்காமல் கொடுத்தது என் தவறு. சுகிர்தா."

அப்படி ஒரு பிழை இல்லை. நான் எழுதிய புரோகிராம்களிலேயே சுத்தமானது பந்தல்தான்.

பத்தே நிமிடத்தில் கோதண்டம் சார் போன். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? ஒரு வருஷ மெசேஜ்மா. போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" மன்னிப்புக் கேட்டேன். அவர் பழைய செய்திகளைத் திறந்து திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். அதுவும் என்னால்தான்.

22 ஆகஸ்ட், செவ்வாய்

பந்தல் போய்விட்டது. போர்டு மறுபடியும் வெறும் எழுத்து.

பதினொரு பேர் பாராட்டியபோது எண்ணினேன், அதனால் இதையும் எண்ண வேண்டும். திட்டியவர்கள் இருபத்து ஆறு பேர். 'கல்யாணக் கார்டு போடுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு' என்று கப்பல் கேப்டன் எழுதியிருக்கிறான். மீசைக்கார ரோஸி, பெண்கள் எழுதும் புரோகிராம் இப்படித்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். பெண் பெயரில் எழுதிக்கொண்டே. முழுவதையும் படித்தேன், பதில் போடவில்லை.

25 ஆகஸ்ட், வெள்ளி

ஆகஸ்ட் ஒன்று முதல் இருபத்தொன்று வரை வந்த காலைச் செய்திகள் போர்டில் பந்தலோடுதான் கிடக்கின்றன. கோதண்டம் சார் நேராகப் போர்டிலேயே தட்டச்சு செய்பவர், வேறு நகல் இல்லை. இடைவெளிகளை நீக்க ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தேன். ஓரம் சமமாக வர வேண்டும் என்று நானே இடத்தை இழுத்தும் சுருக்கியும் வைத்திருந்தேன். எது எழுத்துக்கான இடைவெளி, எது சொல்லுக்கானது என்று புரோகிராமுக்குத் தெரியவில்லை. சில வரிகளில் எனக்கே தெரியவில்லை.

எனவே செய்தித்தாள்களைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்கிறேன். கடையில் பத்திரிகைக் கட்டுகளைச் சுற்ற வைத்திருக்கும் பழைய பேப்பர்தான் மூலம். மூக்குப்பொடிக் கறையும் பசைக் கறையும் அதில். எட்டாம் தேதி பேப்பரில் யாரோ பஜ்ஜி எண்ணெயை ஒற்றியிருக்கிறார்கள், வெங்காய விலைக்கு மேல். சுதந்திர தினத்துக்கு மறுநாள் பேப்பர் கிடையாது. ஒன்பதாம் தேதி ஹாஸ்டல் வரவேற்பறையில் கிடைத்தது. பதினான்காம் தேதி மட்டும் எங்கேயும் இல்லை. ஏதோ ஆவணிக் கல்யாணத்துப் பத்திரிகைக் கட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. போர்டில் இருக்கும் அன்றைய செய்தியிலோ பெயரும் எண்ணும் பிரியாமல் கலந்து கிடக்கின்றன, தப்பாக அடித்துக் கொடுப்பதற்கு விட்டுவிடுவது மேல்.

28 ஆகஸ்ட், திங்கள்

பத்தொன்பது நாள் செய்தியையும் ஒரே கோப்பாகப் போர்டில் வைத்தேன். என் பெயர் போடவில்லை. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று பக்கத்தில் எண் காட்டும். பூஜ்யம்.

நான் ஏற்றிவைத்திருக்கிறேன் என்று அவருக்கு யார் சொல்வது? வங்கிக்கு போன் போட்டேன். அவர் குரல்தான், வங்கியின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்.

"பந்தல் இல்ல சார் இப்ப. செய்தியும் சும்மா வருது" என்றேன்.

"தேங்க் யூ மேடம். வேற யாருக்காவது லைன் குடுக்கணுமா?" என்றார்.

இல்லை என்று வைத்துவிட்டேன்.

31 ஆகஸ்ட், வியாழன்

ஆபரேட்டர், 7.40, 30 நிமிடம்.

கோப்புக்குப் பக்கத்தில்: 1.

4 செப்டம்பர், திங்கள்

நேற்று பரீட்சை. இன்று மதியம் ஒரு மணிக்குச் சரியாக உள்ளே போனேன்.

பொதுவில் ஆபரேட்டர் எழுதியிருந்தார். "பந்தல் ஒழிந்தது நல்லது. நான் முதலிலேயே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. கடைசி வரியை விழுங்கும் புரோகிராமை எழுதியவர் முதலில் வரி எண்ணக் கற்றுக்கொள்ளலாம்." கீழே ஒன்பது பேர் சிரித்திருந்தார்கள். கப்பல் கேப்டன், ஆபரேட்டர் சார் கலக்கிட்டீங்க என்று எழுதியிருந்தான். என்ன திமிர் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

அப்புறம் தனி மடலைத் திறந்தேன்.

"பொதுவில் எழுதியதற்கு வருந்த மாட்டேன், ரசனைக் கணக்கில் ஒன்று பாக்கி இருந்தது. உங்கள் புரோகிராம் எந்த வரியையும் விழுங்கவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரமும் எல்லோருடைய பந்தலையும் கடைசி நட்சத்திரம்வரை கேட்டவன் நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்ல மாட்டேன். பரீட்சை சுமாராக எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி செய்தி கோப்பில் இல்லை. அன்றைய செய்தியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. விட்டுவிட்டேன். தணிகாசலம்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவருடைய ரகசியத்தை நான் காப்பாற்றினேன், அது எனக்கு வசதியாக இருந்தது. என்னுடையதை அவர் காப்பாற்றுவதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது.

துண்டித்துவிட்டு, பரணில் இருக்கும் பேப்பர் கட்டுகளை எல்லாம் மறுபடியும் கீழே இறக்கிப் பிரித்தேன். கன்னியப்பன் சாப்பிட்டுவிட்டு வந்து, தரை முழுக்கப் பரப்பிவைத்திருந்ததைப் பார்த்தார்.

"என்னம்மா தேடற?"

"ஆகஸ்ட் பதினாலு பேப்பர் சார்."

"பழசு எதுக்கு இப்ப?"

"ஒரு கேள்விக்குப் பதில் தெரியணும் சார்" என்றேன்.